கறுப்பை நிரப்பி, வெள்ளையை அளந்து

இணையத்தில் சுற்றும் பழைய ஆங்கில மீம் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் மேலும் கீழும், கறுப்புக் கரை கட்டிய தடித்த வெள்ளை எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும். அந்த எழுத்துருவின் பெயர் இம்பாக்ட். பூனைப் படங்களுக்காகவே பிறந்ததுபோல இருந்தாலும் அது கணினியையே பார்க்காமல் உருவானது. 1965இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் என்ற வார்ப்படச் சாலை அதை ஈய அச்செழுத்தாக வெளியிட்டது. வரைந்தவர் ஜெஃப்ரி லீ, விளம்பர வடிவமைப்பில் ஊறியவர்.

கொடுத்த அளவுக்குள் எவ்வளவு மையைத் தாளில் இறக்க முடியுமோ அவ்வளவையும் இறக்கிவிட வேண்டும் என்பதே லீயின் நோக்கம். இதில் 'அளவு' என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 72 பாயிண்ட் என்றால் ஏறத்தாழ ஓர் அங்குலம். அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் உயரம் அல்ல, எழுத்தைத் தாங்கும் ஈயக்கட்டையின் உயரம். சின்ன 'ஹெச்'சின் மேல்கொம்பும் சின்ன 'ஜி'யின் கீழ்வாலும் அந்தக் கட்டைக்குள்ளேயே அடங்கியாக வேண்டும். கொம்பும் வாலும் இல்லாத 'ஏ', 'ஓ' போன்றவற்றுக்கு வழக்கமாக மிஞ்சுவது கட்டையில் பாதி உயரம்தான். லீ கொம்பையும் வாலையும் தறித்துவிட்டு, மிச்சமான இடத்தைச் சிற்றெழுத்துகளின் உடலுக்குக் கொடுத்தார். அதே 72 பாயிண்டில் இம்பாக்ட் மட்டும் ஓங்கித் தெரிவதன் ரகசியம் இதுதான்.

உயரம் சரி, அகலம்? பத்திரிகைப் பத்திக்கும் சுவரொட்டிக்கும் அகலம் முன்கூட்டியே முடிவான ஒன்று. தலைப்பு அதற்குள் அடங்க வேண்டும், தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும். ஆகவே எழுத்து ஒடுங்கவும் வேண்டும், தடிக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். கோடு தடிக்கத் தடிக்க, எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் வெள்ளை தேய்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு, அழுத்தி அச்சடிக்கும்போது மையும் ஓரங்களில் கசிந்து அந்த வெள்ளையைத் தின்னும்.

இம்பாக்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேலைப்பாடு தெரியும். சின்ன 'ஓ' வட்டமாகவே இல்லை. இரண்டு தடித்த தூண்கள், நடுவே கதவிடுக்கில் வெளிச்சம் விழுவதுபோல ஒரு கீற்று வெள்ளை, அவ்வளவுதான். சின்ன 'இ' இன்னும் சிக்கலானது. மேல்வளைவு, நடுக்கோடு, கீழ்வளைவு என்று மூன்று கிடைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். மூன்றையும் தூண் தடிமனுக்குப் போட்டால் உள்ளே இடமே இருக்காது. எனவே கிடைக்கோடுகள் மட்டும் இளைத்திருக்கின்றன. ஓடுகிற பார்வைக்கு எல்லாம் ஒரே தடிமன்தான். அளவுகோல் வைத்தால் குட்டு வெளிப்படும். தடித்த எழுத்தை வரைகிறவர் உண்மையில் நாள் முழுக்க மல்லுக்கட்டுவது இந்த வெள்ளையோடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தலைப்பில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டும் எழுத்துரு, முழுப் பத்தியாக ஓடினால் கண்ணை வதைக்கிறது. காரணம் கண்ணிலேயே இருக்கிறது. 1970இல் டச்சு ஆய்வாளர் ஹெர்மன் பௌமா 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். பார்வையின் மையத்திலிருந்து ஓர் எழுத்து எவ்வளவு விலகி இருக்கிறதோ, அதில் ஏறத்தாழப் பாதித் தூரமாவது பக்கத்து எழுத்து தள்ளி நின்றால்தான் அதை அடையாளம் காண முடியும். இல்லாவிட்டால் எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். வாசிக்கும்போது நாம் உற்றுப் பார்ப்பது சில எழுத்துகளை மட்டுமே. அடுத்து வரும் சொற்கள் ஓரப்பார்வையில் காத்திருக்கின்றன. ஒடுங்கிய எழுத்துகளின் நெரிசல் அங்கேதான் அடி கொடுக்கிறது. நான்கு சொல் தலைப்புக்கு இது பெரிய பாதகமில்லை. கல்யாண மண்டப விதிமுறைகளை இம்பாக்டில் அடித்து ஒட்டுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈய அச்சுக்கு அந்திமக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தபோது வந்த எழுத்து இது. 1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்காக இலவசமாக வெளியிட்ட எழுத்துருத் தொகுப்பில் இடம்பிடித்ததால் பிழைத்தது. பிறகு ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் இருந்தது. மீம் தயாரித்தவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? வெள்ளை நிரப்பி கறுப்புக் கரை கட்டினால், இருண்ட படத்தில் வெள்ளை எடுபடும், வெளுத்த படத்தில் கரை எடுபடும். பின்னணி என்ன என்ற கவலையே இல்லை. கரை கட்டியும் உருக்குலையாத அளவுக்கு இம்பாக்டின் கோடுகளுக்குத் தடிமன் உண்டு. மெல்லிய எழுத்தானால் கரையே அதை விழுங்கிவிடும்.

இம்பாக்டில் தமிழ் எழுத்துகள் கிடையாது. வடிவேலு படத்தின் மேல் தமிழில் அடித்துவிட்டு இம்பாக்டைத் தேர்ந்தெடுத்தால், கணினி சத்தம் போடாமல் வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பும். லீயின் உத்தியைத் தமிழில் அப்படியே செய்யவும் முடியாது. மேலே புள்ளியும் 'கி'யின் கொக்கியும், கீழே 'கு'வின் வாலும் இடம் கேட்கும். அகலமோ அதைவிடக் கஷ்டம். மூன்று சுழி 'ண'வுக்கும் இரண்டு சுழி 'ன'வுக்கும் வித்தியாசமே சுழிகளின் எண்ணிக்கைதான். கோட்டைத் தடிக்கவைத்து அகலத்தையும் ஒடுக்கினால் முதலில் அடைபடுவது அந்தச் சுழிகளின் இடைவெளி. மணமும் மனமும் தூரத்தில் ஒன்றாகிவிடும்.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. எக் டைப் குழு 2022இல் வெளியிட்ட அநேக் தமிழ் எழுத்துருவில் தடிமனை 100 முதல் 800 வரையிலும், அகலத்தை 75 முதல் 125 வரையிலும் விருப்பப்படி நகர்த்தலாம். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் அது இலவசம். தடிமனை 800க்கும் அகலத்தை 75க்கும் தள்ளிவிட்டு 'ண' என்று அடித்துப் பாருங்கள். சுழிகளுக்குள் வெள்ளையை எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும்.