அகன்ற விழிக் கிறிஸ்து

திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்கள் அந்த முகங்களை எளிதில் மறப்பதில்லை. அரிதாரம் பூசி, விழியோரம் கரிய கோடு தீட்டி, கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு அருச்சுனன் திரைக்குப் பின்னிருந்து தோன்றும்போது, பகலில் ஏர் பிடித்தவரே அவர் என்பது நமக்கு நினைவில் நிற்பதில்லை. ஜாமினி ராயின் ஓவியங்களை முதன்முதல் கண்டபோது நாம் எண்ணியது அம்முகங்களையே.

1887-இல் வங்காளத்துப் பாங்குரா மாவட்டத்தில் பெலியாத்தோர் என்னும் ஊரில் பிறந்த ராய், கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் மேனாட்டு முறை பயின்றவர். எண்ணெய் வண்ண உருவப்படங்கள் அவருக்குச் சோறிட்டன. நாற்பது வயதை நெருங்குகையில் அவற்றைத் துறந்தார். குடும்பத் தலைவர் ஒருவர் நிலையான வருவாயைக் கைவிடுவது எத்தகைய துணிவு என்பதை நம் வாசகர்கள் அறிவர். காளிகாட் கோயிலருகே விற்ற படங்களிலும், படச்சுருளை விரித்துக் கதை பாடும் கிராமத்துப் பட்டுவர்களிடத்திலும் அவர் தம் வழியைக் கண்டார். கண்ணனும் பலராமனும், இராம கதையும், சந்தால் பெண்களும் தடித்த கோடுகளில் உயிர்பெற்றனர். விளக்குக்கரி, அவுரி, காவிமண் இவையே வண்ணங்கள். புளியங்கொட்டைப் பசை அவற்றைப் பிணித்தது. வீட்டையே பட்டறையாக்கி, ஒரே படத்தைப் பலமுறை வரைந்து மலிவாக விற்றார். கலை வல்லார் சிலர் இதைக் குறை கூறினர். எளியவர் வீட்டிலும் ஓவியம் தொங்க வேண்டாமா என்பதே நம் கேள்வி.

கிறிஸ்தவரல்லாத இவர் இயேசுவைப் பலமுறை தீட்டினார். இறுதி இராவுணவில் சீடர் அனைவருக்கும் மீன் போன்ற நீண்ட விழிகள்! 1972-இல் ராய் மறைந்தார்.

அவருடைய கிறிஸ்து படத்தின் அச்சுப்பிரதி ஒன்றைப் பங்கு இல்லத்தில் மாட்டினோம். “சாமி, நம்ம ஆண்டவரைக் கூத்துக்காரர் ஆக்கிட்டாங்களே!” என்று வருந்தினார் பெரியவர் ஒருவர். நாட்காட்டியிலுள்ள திரு இருதயப் படமும் ஐரோப்பிய முகமே என்றோம். எந்த ஒரு கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என 1963-இல் வத்திக்கான் சங்கம் அறிவித்ததையும் எடுத்துரைத்தோம். பெரியவர் ஒப்பவில்லை. படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அவர் வரும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டியே அமர்கிறார்.