ஆபரேஷன் இரண்டு மணி நேரம், மிச்சம் பல மாதம்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் மறுநாளே கையில் வாக்கரைக் கொடுத்து நாலு அடி நடக்க வைக்கிறார்கள். வீட்டார் அசந்துபோகிறார்கள். இரண்டு மாதம் கழித்தும் அதே ஆள் தடியூன்றிச் சாய்ந்து சாய்ந்து நடந்தால், “இன்னுமா சரியாகல?” என்று அதே வீட்டார்தான் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். பதில் எலும்பிலும் தசையிலும் மூளையிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேகம்.

எலும்பிலிருந்து தொடங்குவோம். தொடை எலும்பின் உச்சியில் தேய்ந்த பந்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த எலும்பின் உட்குழிவில் ஓர் உலோகத் தண்டைச் செருகுகிறார்கள். தண்டின் உச்சியில் புதுப் பந்து, அது சுழல இடுப்புக் குழியில் ஒரு கிண்ணம். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962-இல் மருத்துவர் ஜான் சார்ன்லி இதற்கு நிலையான வடிவம் கொடுத்தபோது, தண்டை ‘எலும்பு சிமெண்ட்’ வைத்து நிறுத்தினார். பெயர்தான் சிமெண்ட். பொருளோ பல்செட் செய்ய உதவும் அக்ரிலிக் வகை. பிசைந்து வைத்தால் கால் மணி நேரத்துக்குள் கெட்டியாகிவிடும். இன்றும் பலருக்கு இதுதான்.

சிமெண்ட் இல்லாத முறை இன்னும் சுவாரசியம். எலும்புக் குழிவைத் தண்டைவிட ஒரு துளி சிறிதாகக் குடைந்து, தண்டைச் சுத்தியலால் தட்டி இறக்குகிறார்கள். டைட்டானியத் தண்டின் மேற்பரப்பு சொரசொரப்பானது. பல வடிவமைப்புகளில் அதில் 100 முதல் 400 மைக்ரான் அகலத்தில் நுண்துளைகள் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரான்; தலைமுடியின் தடிமன் சுமார் 70. அந்தத் துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து நுழைந்து உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. டைட்டானியத்தை எலும்பு இப்படி ஏற்கும் என்பது 1950களில் ஸ்வீடனில் எதேச்சையாகத் தெரியவந்தது. முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியை ஆய்வு முடிந்ததும் ஆய்வாளர் பிரோனமார்க் எடுக்கப் பார்த்தார், அது வரவில்லை.

பற்றிக்கொள்வதற்கு எலும்பு போடும் நிபந்தனை கறாரானது. அடி வைக்கும்போது தண்டு எலும்புக்குள் நுணுக்கமாக நகரும். இதற்கு நுண்ணசைவு என்று பெயர். அது சுமார் 50 மைக்ரானுக்குள் அடங்கினால் எலும்பு வளரும். 150-ஐத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து தண்டு ஆட்டம் காணும். முடி ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது வெற்றி தோல்வி! அதற்காக அசையாமலே படுத்திருக்கவும் கூடாது. எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் பாரத்தை உணர்ந்தால்தான் கட்டுமானத்துக்கு உத்தரவு போகும். “நடங்க, ஆனா அவசரப்படாதீங்க” என்று டாக்டர் சொல்வது முரணாகத் தோன்றலாம். எலும்பு கேட்பது அதைத்தான். முதல் பிடிப்புக்கே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

அப்படியானால் சாய்ந்து நடப்பது ஏன்? அது தசையின் கதை. இப்போதே எழுந்து ஒற்றைக் காலில் நின்று, அந்தப் பக்க இடுப்பின் வெளிப்புறத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒன்று கல்லாக இறுகுகிறதே, அது இடைப்பிட்டத் தசை. ஊன்றிய காலுக்கு மேல் உடம்பு ஒரு சீசா பலகை. ஒரு பக்கம் உடல் எடை, நீளமான கை. மறுபக்கம் இந்தத் தசை, குட்டையான கை. குட்டைப் பக்கம் இருப்பவர் எடையைவிடக் கூடுதலாக இழுத்தால்தான் பலகை சமமாக நிற்கும். எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டின்மேல் விழுவதால், 60 கிலோ மனிதர் சாதாரணமாக நடக்கையிலேயே இடுப்பு மூட்டு 150 கிலோ அளவுக்குத் தாங்குகிறது.

வலியோடு நொண்டிய வருடங்களில் இந்தத் தசை ஏற்கெனவே மெலிந்திருக்கும். படுக்கை அதை இன்னும் கரைக்கும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. பத்து நாளில் போனது பத்து நாளில் திரும்பாது. பிசியோதெரபியின் முதல் சில வாரங்களில் கூடும் பலம்கூட, தசை பருத்ததால் வருவதல்ல. இருக்கும் தசை இழைகளை நரம்புகள் இன்னும் நன்றாக வேலை வாங்குவதால் வருவது.

அதுவரை தடி. பலர் வலிக்கிற பக்கமே தடியைப் பிடிப்பார்கள். எதிர்ப்பக்கம்தான் சரி. மூட்டிலிருந்து அந்தக் கை வெகு தூரத்தில் இருப்பதால், சில கிலோ ஊன்றினாலே தசை இழுக்கவேண்டிய விசை அதைப் போலப் பல மடங்கு குறையும். தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்று தலைப்பே வைத்து 1956-இல் ஒரு கட்டுரை எழுதினார் அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட். கௌரவம் பார்த்துத் தடியைச் சீக்கிரம் மூலையில் வைப்பவர்கள் படிக்க வேண்டியது.

நேற்று நடந்த தூரம் அளவா அதிகமா என்பது மறுநாள் காலை தெரியும். வலி கூடியிருந்தால் அன்றைக்குத் தூரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ பொறுத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கடைசியாக மூளை. “இந்தக் கால் நீளமாயிடுச்சு” என்று பலரும் புகார் சொல்வார்கள். சிலருக்குச் சில மில்லிமீட்டர் உண்மையாகவே கூடியிருக்கும். பலருக்கு எக்ஸ்ரேயில் இரண்டு காலும் சமமாகவே இருக்கும். குருத்தெலும்பு தேயத் தேயக் கால் மெல்லக் குட்டையாகி, இடுப்பு சாய்ந்து, தசைகள் அந்தச் சாய்வுக்கே இறுகி, மூளையும் அதையே நேர் என்று கணக்கு வைத்திருக்கும். பழைய நீளம் ஒரே நாளில் திரும்பியதும் கணக்கு இடிக்கிறது. இறுகிய தசைகள் நெகிழ்ந்து இடுப்பு நேராகச் சில மாதங்கள் பிடிக்கும். அதனால்தான் மற்றக் காலின் செருப்புக்கு உயரம் வைக்கக் கேட்டால் டாக்டர்கள் சட்டென்று ஒப்புக்கொள்வதில்லை. இன்று வைத்த உயரம், இடுப்பு நேரானபின் புதிய கோணலாகிவிடும்.