பாம்பன் பாலம்... கட்டிய கணக்கு தெரியும், காக்கும் கணக்கு?

ராமேஸ்வரம் போகிற பேருந்து மண்டபத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் ஒரு வேடிக்கை நடக்கும். அதுவரை தூங்கி வழிந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஜன்னலோரத்தில் இருப்பவர் செல்போனை எடுப்பார். நடு சீட்டுக்காரர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். எல்லோருடைய கண்ணும் தேடுவது ஒன்றைத்தான். கீழே, கடலை ஒட்டினாற்போல் ஓடும் ரயில் பாலம்!

2025 ஏப்ரலில் அங்கே தெரிந்தவை இரண்டு ரயில் பாலங்கள். ஒன்று, 1914-ல் திறந்த பழைய பாலம். துருவேறி, ஓய்ந்து நின்றது. அதன் பக்கத்திலேயே புதுப் பெயின்ட் மினுமினுக்க இன்னொன்று. 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று பிரதமர் மோடி அதைத் திறந்து வைத்தார். கீழே கப்பல் போக, ரயில் பாதையின் ஒரு பகுதி அப்படியே மேலே உயர்ந்த காட்சியை அன்று நாடே பார்த்தது.

கைதட்டல் ஓய்ந்துவிட்டது. இனிமேல்தான் பாலத்தின் உண்மையான வேலை ஆரம்பம். அதைக் காப்பாற்றுகிறவர்களுக்கும்தான்.

எதற்காகத் தூக்க வேண்டும்?

பக்கத்தில் இருக்கும் சாலைப் பாலம் 1988-ல் திறக்கப்பட்டது. நல்ல உயரம். படகுகள் அதன் அடியில் தாராளமாகப் போகும். ரயிலுக்கும் அப்படி உயரமாக ஒரு பாலம் கட்டினால் தூக்குகிற தொல்லையே இல்லையே என்று தோன்றும்.

சிக்கல் என்னவென்றால், பேருந்து ஏறுகிற மேட்டில் ரயில் ஏறாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம். சரிவு கொஞ்சம் கூடினாலே வழுக்கும். உயரமாகப் போக வேண்டுமானால், பல கிலோமீட்டர் தூரத்துக்கு முன்பிருந்தே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வர வேண்டும். பாம்பன் தீவிலோ, கடலைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே ஸ்டேஷன் வந்துவிடுகிறது.

பாதையைத் தாழ்வாகவே வைத்து, கடலை அடைத்துவிடவும் முடியாது. மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் இணைக்கும் வாசல் பாம்பன் கால்வாய். மீன்பிடிப் படகுகள், சிறு கப்பல்கள், கடலோரக் காவல்படை ரோந்துக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. அதனால்தான் அந்தக் காலத்திலேயே, ரயில் வரும்போது பாதை, கப்பல் வரும்போது வாசல் என்று இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாலத்தைக் கட்டினார்கள்.

துலாவும் கிணற்றுக் கப்பியும்

பழைய பாலத்தின் நடுவில் இருந்த தூக்குப் பகுதியை வடிவமைத்தது அமெரிக்காவின் ஷெர்சர் நிறுவனம். இரண்டு இரும்புக் கைகள். கிராமத்துக் கிணற்றில் துலா பார்த்தவர்களுக்கு அதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். ஒரு பக்கம் சால், மறுபக்கம் கனத்த கல். கல்லின் எடை உதவுவதால் ஒரு ஆள் தண்ணீரை இழுத்துவிடலாம். அதே தத்துவத்தில், பின்னால் கட்டிய எடை உதவ, ஆட்கள் கூடி நின்று நெம்புகோலைத் தள்ளிச் சுற்றுவார்கள். நூறு டன் கணக்கில் எடையுள்ள இரும்புக் கைகள் இரண்டும் வானத்தைப் பார்த்து எழும். மின்சாரம் கிடையாது. மனித பலம் மட்டும்தான்.

புதிய பாலத்தில் தத்துவம் அதேதான், வடிவம் வேறு. இதைக் கிணற்றுக் கப்பியோடு ஒப்பிடலாம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 72.5 மீட்டர் நீளத் தளம். இரும்புக் கயிறுகள், மேலே சக்கரங்கள், மறுமுனையில் ஈடுகட்டும் எடை. மோட்டார் இயங்கினால் தளம் படுக்கை வாக்கிலேயே 17 மீட்டர் வரை உயரும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கடலில் செங்குத்தாகத் தூக்கும் ரயில் பாலம் இந்தியாவில் இதுதான் முதல். மொத்த நீளம் 2.08 கிலோமீட்டர். 99 கண்கள். பழைய பாலத்தைவிட 3 மீட்டர் உயரம் கூடுதல். பின்னாளில் இரட்டைப் பாதை போடவும் இடம் வைத்திருக்கிறார்கள்.

புயலில் பிழைத்த பாலம்

பழைய பாலம் சாதாரணமானதல்ல. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இரும்பால் உருவாகி, 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர் இந்தப் பாலம் வழியாகத் தனுஷ்கோடி போய், அங்கே கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்து, மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்த காலம் அது.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியையே துடைத்துப் போட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயிலை அலை விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள் போயின. நடுவில் இருந்த ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது!

ஆறு மாதத்தில் பாலத்தைச் சீராக்க வேண்டும் என்பது அன்றைக்குப் போட்ட கெடு. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன், கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்துப் பொருத்தி, 46 நாளில் ரயிலை ஓட வைத்தார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவர்தான்.

துரு என்கிற எதிரி

புயல் எப்போதோ ஒரு தடவை வரும். துரு தினமும் வரும். பாம்பன் கடல், இரும்பை மிக வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்று. உப்புக் காற்றும் ஈரமும் வெயிலும் சேர்ந்து பெயின்டைத் தின்னும், பிறகு இரும்பைத் தின்னும். பாலத்தை ஒரு முனையிலிருந்து சுரண்டிப் பெயின்ட் அடித்து மறுமுனைக்குப் போவதற்குள், ஆரம்பித்த இடத்தில் மறுபடி துரு பிடித்திருக்கும். இந்த வேலையை விடாமல் செய்ததால்தான் அந்தப் பாலம் நூறு வயதைத் தாண்டியது.

அதற்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. மீட்டர் கேஜுக்காகக் கட்டிய பாலத்தை வலுப்படுத்தி, 2007-ல் அகல ரயில் பாதையாக மாற்றினார்கள். கனமான ரயில்கள் ஓடத் தொடங்கின. 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் பழுது தெரிந்தது. சுமார் மூன்று மாதம் ரயில் ஓடவில்லை. பிறகு ஓடினாலும், பாலத்தின் மேல் ஊர்ந்துதான் போனது. கடைசியில் 2022 டிசம்பர் 23-ல் பயணிகளின் பாதுகாப்பு கருதி ரயில்களை நிறுத்தினார்கள். பழைய பாலத்தில் அதன் பிறகு பயணிகள் ரயில் ஏறவே இல்லை.

அன்றிலிருந்து புதிய பாலம் திறக்கும் வரை இரண்டேகால் ஆண்டு. ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. அப்பா அம்மாவின் அஸ்தியைக் கரைக்க வந்தவர்கள், காசியிலிருந்து கங்கை தீர்த்தத்தோடு வந்த முதியவர்கள் என எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கிப் பேருந்து தேட வேண்டியிருந்தது. தீவில் இருந்து மதுரைக்குப் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ போகிறவர்களுக்கு, குறைந்த கட்டணத்தில் போய்வந்த வழி அடைபட்டது. ஒரு பாலம் முதுமையடைந்தால் அதன் விலையைக் கொடுப்பது இப்படிப்பட்டவர்கள்தான்.

250 கோடி 550 கோடி ஆன கதை

புதிய பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பீடு சுமார் 250 கோடி ரூபாய். 2020 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு. 600 டன்னுக்கு மேல் எடையுள்ள தூக்குத் தளத்தை, வளைவான பாதையில் அங்குலம் அங்குலமாக நகர்த்தி நடுக்கடலுக்குக் கொண்டுபோகவே 2024-ல் சில மாதங்கள் பிடித்தன. எல்லாம் முடிந்தபோது செலவு 550 கோடி ரூபாயைத் தொட்டிருந்தது.

2024 நவம்பரில் ஆய்வு செய்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், திட்டமிடுதலில் தொடங்கிப் பல குறைகளைச் சுட்டிக்காட்டினார். ரயில்வே அமைச்சகம் அவற்றை ஆராயக் குழு அமைத்தது. ரயில்கள் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. திறந்த சில மாதங்களில், 2025 ஆகஸ்டில், தூக்குப் பகுதி சிக்கிக்கொண்டு ரயில்கள் வழியில் காத்து நின்றதும் நடந்தது.

இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. அசைகிற பாலம் என்றால் அது பாதி பாலம், பாதி இயந்திரம். மோட்டார், கயிறு, சென்சார், பூட்டு என்று ஒவ்வொன்றும் சரியாக இருந்தால்தான் ரயில் போக முடியும். சாதாரணப் பாலத்துக்குத் தேவைப்படும் கவனிப்பு இதற்குப் போதாது.

அமெரிக்காவுக்கும் அதே தலைவலி

வயதான அசையும் பாலம் பாம்பனுக்கு மட்டும் வாய்த்த பிரச்னை அல்ல. நியூயார்க் நகருக்குப் பக்கத்தில், நியூஜெர்சி மாநிலத்தின் ஹேக்கன்சாக் ஆற்றில் 'போர்ட்டல்' என்று ஒரு ரயில் பாலம். 1910-ல் திறந்தது. கப்பல் வந்தால் கதவு மாதிரிப் பக்கவாட்டில் திரும்பும். ஒரு நாளைக்குச் சுமார் 450 ரயில்கள் போகும் தடம் அது. சில நாள் திறந்த பாலம் மறுபடி சரியாகப் பொருந்தாது. ஊழியர்கள் சம்மட்டியால் அடித்து உட்கார வைப்பார்கள். அதுவரை பாஸ்டன் – வாஷிங்டன் தடம் முழுக்க ரயில்கள் தேங்கும்.

பணக்கார நாடுதானே, உடனே மாற்றியிருக்கலாமே? அங்கேயும் பணம்தான் தடை. புதிய பாலத்துக்கு 2008-லேயே சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. யார் எவ்வளவு தருவது என்கிற இழுபறி பல ஆண்டு நீண்டு, 2022-ல்தான் முக்கியக் கட்டுமானம் தொடங்கியது. ஆனால், அங்கே ஒரு முடிவு எடுத்தார்கள்: புதிய பாலம் அசையவே அசையாது. கப்பல் அடியில் போகும் உயரத்தில் நிலையாகக் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். பாதையை மெல்ல ஏற்றிக்கொண்டு வர அங்கே இடம் இருந்தது. பாம்பனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உண்டியலில் விழாத காசு

வீட்டில் புது பைக் வாங்கக் கடன் கிடைக்கும். ஊரைக் கூட்டிப் பூஜையும் போடுவோம். ஆனால், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஆயில் மாற்றக் கையில் காசு இருக்காது, 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவோம். ரயில்வேயின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

2025-26 பட்ஜெட்டில் ரயில்வேயின் மூலதனச் செலவுக்கு ஒதுக்கீடு 2.65 லட்சம் கோடி ரூபாய். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால், அதில் பெரும்பகுதி மத்திய அரசு கொடுப்பது. ரயில்வே தன் சொந்த வருமானத்தில் 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய்க்கு மேல் செலவழிக்கிறது. மீதி ஒன்றரை, இரண்டு ரூபாயில் என்ன சேமிக்க முடியும்?

வயதான தண்டவாளம், பாலம், பெட்டிகளை மாற்றுவதற்கென்று 'தேய்மான நிதி' என்று ஓர் உண்டியல் உண்டு. லட்சக்கணக்கான கோடி மதிப்புள்ள சொத்துகளை வைத்திருக்கும் ரயில்வே, சில ஆண்டுகளில் அதில் போட்டது சில நூறு கோடி ரூபாய் மட்டுமே.

இந்த நிலையைச் சரிசெய்யத்தான் 2017-18-ல் 'ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்ஷா கோஷ்' என்ற பாதுகாப்பு நிதி வந்தது. ஐந்து ஆண்டில் ஒரு லட்சம் கோடி ரூபாய். ஆண்டுதோறும் மத்திய அரசு 15,000 கோடி, ரயில்வே 5,000 கோடி போட வேண்டும் என்பது ஏற்பாடு. அதன்படி நான்கு ஆண்டில் ரயில்வே தன் பங்காகப் போட்டிருக்க வேண்டியது 20,000 கோடி. அதில் 15,775 கோடி வந்து சேரவில்லை என்று 2022-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. முன்னுரிமை இல்லாத வேலைகளுக்கும் அந்தப் பணம் போனதை அது குறிப்பிட்டது. அதன் பிறகு இந்த நிதியை மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள்.

இனி என்ன?

பாம்பனின் புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், கடல் காற்றைத் தாங்கும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட், வெல்டிங் இணைப்புகள் என்று எதிரியை அறிந்தே ஆயுதம் தரித்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால், எந்தப் பெயின்டும் காலம் முழுக்கக் காக்காது. கயிறு தேயும், மோட்டார் பழையதாகும், சென்சார் மக்கர் செய்யும்.

செய்ய வேண்டியவை பெரிய வித்தைகள் இல்லை. கட்டும்போதே பராமரிப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்கி, அதில் வேறு செலவு கை வைக்காமல் பூட்டி வைப்பது. தூக்கும் இயந்திரத்தை அறிந்த ஆட்களைப் பாம்பனிலேயே நிரந்தரமாக வைத்திருப்பது. பாலத்தின் ஆய்வு முடிவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிடுவது. முக்கியமாக, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று எந்த வேலையையும் தள்ளாமல் இருப்பது.

பழைய பாலத்துக்குத் தண்டவாளம் பதித்தவர்கள், கர்டருக்கு வண்ணம் பூசியவர்கள், நெம்புகோலைச் சுற்றியவர்கள் யாருடைய பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் விடாமல் பார்த்த வேலைதான் அந்தப் பாலத்தை நூறாண்டு தாண்டி நிற்க வைத்தது. புதிய பாலத்துக்கும் அப்படி நாலு பேர் வேண்டும். அவர்கள் கையில் பிரஷ்ஷும் கிரீஸும் சம்பளமும் ஒவ்வொரு மாதமும் போய்ச் சேர வேண்டும்.

அப்படி நடந்தால், இன்று ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்துக் குதிக்கிற குழந்தை, தன் பேரனைக் கூட்டிக்கொண்டு அதே பாலத்தில் ரயிலில் போகலாம்.