ஒரு காசில் இரண்டு ஆண்டு!

யாருக்கும் பிறந்த ஆண்டு ஒன்றுதான். காசுக்கும் அப்படித்தான். ஆனால், இரண்டு ஆண்டுகளைச் சுமந்து நிற்கும் வெள்ளிக் காசுகளும் உண்டு!

அந்தக் காசில் 1942 என்று இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கடைசி 2-க்குப் பக்கத்தில் ஒரு 1 எட்டிப் பார்க்கும். அதாவது, 1941-ன் மேல் 1942!

இது அமெரிக்காவின் 10 சென்ட் காசு. "டைம்" என்று அங்கே சொல்வார்கள்.

சாதாரண 1942 டைம் மலிவாகக் கிடைக்கும். இரண்டு ஆண்டு தெரியும் டைமோ, தேய்ந்து போயிருந்தாலும் பல நூறு டாலருக்கு விலை போகிறது.

பணம் புழங்கும் இடத்தில் மோசடியும் நுழையும் அல்லவா? சாதாரணக் காசில் 2-க்குப் பக்கத்தில் ஒரு கோட்டைச் செதுக்கி, அதிக விலைக்கு விற்று ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஆசையோடு வாங்கியவர் தலையில் கை வைக்க வேண்டியதுதான்!

சிறகு வைத்த தொப்பி

இந்த வகைக் காசு 1916 முதல் 1945 வரை அடிக்கப்பட்டது. எடை 2.5 கிராம். நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி, மீதி செம்பு.

முன்பக்கத்தில் ஒரு பெண்ணின் தலை. அவள் சுதந்திர தேவி. தொப்பியில் சிறகு இருக்கும். சிந்தனைச் சுதந்திரத்துக்கு அது அடையாளம். மக்களோ அவளை ரோமானியரின் மெர்க்குரி தெய்வம் என்று நினைத்துவிட்டார்கள். "மெர்க்குரி டைம்" என்ற பெயரே நிலைத்துவிட்டது.

தவறு நேர்ந்தது எப்படி?

முதலில் எஃகில் ஒரு முத்திரை செய்வார்கள். அதில் உருவமும் எழுத்தும் மேடாக இருக்கும். அதை வேறொரு எஃகுத் துண்டின் மேல் வைத்து அழுத்துவார்கள். அந்தத் துண்டில் உருவம் பள்ளமாகப் பதியும். அதுதான் அச்சு. அந்த அச்சைக் கொண்டு வெள்ளி வில்லையை ஓங்கி அடித்தால் காசு!

அந்த நாளில் ஒரே அழுத்தில் அச்சு முழுமையாகப் பதியாது. அழுத்தும்போது எஃகு இறுகிவிடும். அதைக் காய்ச்சி, மெதுவாக ஆறவைத்து, மறுபடியும் அழுத்த வேண்டும்.

1941-ம் ஆண்டின் பிற்பகுதி. பிலடெல்பியா நாணயச் சாலையில் 1941, 1942 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் அச்சுகள் தயாராகிக்கொண்டிருந்தன. முதல் தடவை 1941 முத்திரையால் அழுத்திய அச்சை, அடுத்த தடவை 1942 முத்திரையால் அழுத்திவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை!

டென்வர் நகர நாணயச் சாலைக்கும் அச்சுகள் இங்கிருந்துதான் போயின. ஆகவே, இரண்டு ஊர்க் காசுகளிலும் இந்தப் பிழை உண்டு.

அன்று சிக்கனம்

எல்லா இரட்டை ஆண்டும் கவனக்குறைவால் வந்தவை அல்ல. அமெரிக்காவில் 1817 என்று பொறித்த வெள்ளி அரை டாலர்களில் சிலவற்றில், 7-க்கு அடியில் 3 தெரியும். அது 1813-க்குச் செய்த அச்சு. அக்காலத்தில் அச்சு செய்வது பெரிய வேலை. வீணாக்க மனம் வருமா? 3-ன் மேலே 7-ஐக் கையால் அடித்துப் பயன்படுத்தினார்கள்.

நல்லதா, போலியா?

மெர்க்குரி டைமைக் கையில் எடுத்தால், கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் பார்க்க வேண்டும். ஆண்டு அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, அந்த 1 மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா? அச்சில் பள்ளமாக இருந்தது காசில் மேடாகத்தான் வரும். பள்ளமாக இருந்தால் அது வெறும் கீறல்!

இரண்டாவது, 4-ஐப் பார்க்க வேண்டும். முத்திரை முழுவதும் இரண்டு தடவை அழுத்தப்பட்டதல்லவா? பிலடெல்பியா காசில் 4-ம் இரட்டையாகத் தெரியும். 1 மட்டும் புதிதாக முளைத்து, 4 ஒற்றையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, பின்பக்கம் பார்க்க வேண்டும். டென்வர் காசில் கீழே "டி" என்ற ஆங்கில எழுத்து சிறியதாக இருக்கும். பிலடெல்பியா காசில் எந்த எழுத்தும் இராது. டென்வர் காசில் அந்த 1 அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. ஆகவே, கூடுதல் கவனம் தேவை.

நான்காவது, உண்மையான காசின் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே அச்சில் அடித்த காசுகளில், பிழையும் ஒரே இடத்தில்தான் இருக்கும். கோடு இடம் மாறியிருந்தால் உஷார்!

தேய்க்காதீர்கள்!

பழைய காசு கறுத்திருந்தால், புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்க்கக் கை துடிக்கும். குத்துவிளக்குக்கு அது சரி. பழங்காசுக்குச் சரியல்ல. தேய்த்த காசின் மதிப்பு குறைந்துவிடும். அந்த மெல்லிய 1-ம் மழுங்கிவிடும்.

விலை பெரிதானால், காசைச் சோதித்துச் சான்று தருகிறவர்களிடம் காட்டுவது நல்லது.

நாணயச் சாலைக்காரர்கள் கவனிக்காததால் பிழை பிறந்தது. வாங்குகிறவரும் கவனிக்காவிட்டால் நஷ்டம் பிறக்கும்! முதலில் கண் பார்க்கட்டும். பிறகு பணப்பை திறக்கட்டும்.