எண்ணெய்க் கைக்காகப் பிறந்த கட்டங்கள்

எங்கள் தெருமுனை டீக்கடையில், பாய்லருக்குப் பக்கத்துத் தூணில் ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. ஆவி பட்டு ஓரம் சுருண்டுவிட்டது. நடுவில் டிகாஷன் கறை. அதற்குக் கீழே யாரோ கட்டைவிரலால் அப்பிய வடை எண்ணெய். "இதுல எடுக்குமாண்ணே?" என்று புதிதாக வருகிறவர்கள் தயங்குவார்கள். மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே, "எடுக்கும், காட்டுங்க" என்பார். எடுக்கும்.

எடுக்காமல் எப்படி? அது பிறந்ததே அழுக்குக் கைகளுக்காகத்தான்.

ஜப்பானில் காரியா என்றொரு ஊர். டொயோட்டா குழுமத்துக்குக் கார் உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் டென்சோ நிறுவனம் இருக்கும் ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கே பெட்டிகளில் பார்கோடு ஒட்டித்தான் கணக்கு வைத்தார்கள். பார்கோடு கொஞ்சம் குறுகிய மனசுக்காரன். சுமார் 20 எழுத்துக்கு மேல் தாங்காது. அதனால் ஒரே பெட்டியில் பத்துப் பார்கோடு வரை ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு ஆயிரம் தடவை போல ஸ்கேனரை நீட்ட வேண்டும். கோட்டின் மேல் மசகெண்ணெய் பட்டுவிட்டால் அதுவும் படிக்காது. 'இதற்கு ஒரு வழி செய்யுங்கள்' என்ற புலம்பல் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரிடம் வந்து சேர்ந்தது. 1992இல் வேலை தொடங்கியது. குழு என்று பெயர். ஆள் இரண்டே பேர்.

ஹாராவுக்குப் பொழுதுபோக்கு 'கோ' ஆட்டம். கட்டம் போட்ட பலகையில் கறுப்புக் காய், வெள்ளைக் காய். மதிய இடைவேளையில் அதை ஆடிக்கொண்டிருந்தபோதுதான், தகவலையும் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கலாமே என்று பொறி தட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் உண்மையான தலைவலி அடுக்குவதில் இல்லை. இரு திசையிலும் தகவல் வைக்கும் குறியீடுகள் வேறு சிலரிடமும் இருந்தன. பெட்டி முழுக்க எழுத்தும் படமும் இருக்கும்போது, கோடு எங்கே இருக்கிறது என்று இயந்திரம் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மூலையில் ஒரு சதுர அடையாளம் வைக்கலாம். அதே போன்ற வடிவம் பெட்டியில் வேறெங்காவது அச்சாகியிருந்தால்? இயந்திரம் ஏமாந்துபோகும்.

இங்கேதான் எனக்கு ஹாராவை ரொம்பப் பிடித்துப்போகிறது. துண்டுப் பிரசுரங்களையும் பத்திரிகைகளையும் அட்டைப்பெட்டிகளையும் அள்ளிப்போட்டுக்கொண்டார்கள். அச்சான உலகத்தில் கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மிக அரிதாக வருகிறது என்று அளந்து பார்த்தார்கள். கிடைத்த விடை 1:1:3:1:1. உங்கள் போனில் ஏதாவது ஒரு கியூஆர் கோட்டை எடுத்து, மூலைச் சதுரத்தின் நடுவே மனதுக்குள் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு மூன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. சாய்த்து இழுத்தாலும் விகிதம் மாறாது. மூன்று மூலையில் சதுரம், நான்காவது மூலை காலி. அதனால் தலைகீழாகக் காட்டினாலும் எது மேல், எது கீழ் என்று தெரிந்துவிடும்.

கறை விஷயத்துக்கு வருவோம். 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் வகுத்த கணக்கு கியூஆர் கோட்டுக்குள் ஓடுகிறது. நேர்கோடு போட இரண்டு புள்ளி போதும். நான் அதே கோட்டிலிருந்து நான்கு புள்ளிகளை அனுப்புகிறேன் என்று வையுங்கள். வழியில் ஒன்று இடம் மாறிப்போனாலும், மற்ற மூன்றும் ஒரே வரிசையில் நின்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏறக்குறைய இதுதான் சூட்சுமம். கீறல் விழுந்த சிடி பாடியதும், யுரேனசைத் தாண்டிப்போன வாயேஜரின் படங்கள் பூமிக்குப் பழுதில்லாமல் வந்ததும் இதே கணக்கின் தயவில்தான். கியூஆர் கோட்டில் அதிகபட்சப் பாதுகாப்பு வைத்தால் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் மீட்டுவிடலாம். சில கோடுகளின் நடுவில் கம்பெனி முத்திரை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறதே, அது வேண்டுமென்றே செய்த சேதம்.

டீக்கடைத் தூணில் நானும் சோதித்துப் பார்த்தேன். நடுவில் விரலை வைத்து மறைத்தேன், எடுத்தது. மூலைச் சதுரம் ஒன்றை மறைத்தேன், திணறி நின்றது. "கையை எடுங்க சார், பின்னாடி ஆள் நிக்குது" என்றார் மாஸ்டர்.

1994இல் கோடு வெளியானது. டென்சோவிடம் காப்புரிமை இருந்தது. ஆனால் தர வரையறைப்படி பயன்படுத்துகிறவர்களிடம் அதைக் காட்டிக் காசு கேட்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு கோட்டுக்கு ஒரு பைசா கேட்டிருந்தாலும் இது தொழிற்சாலைக் கதவைத் தாண்டியிருக்காது என்பது என் எண்ணம். 2000இல் சர்வதேசத் தரமானது. 2002இல் ஜப்பானியக் கைபேசிகள் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டன. அடுத்த பத்தாண்டில் சீனத்துக் கடைத்தெரு. 2016இல் யுபிஐ வந்தபின் நம் தெருமுனை. கார்டு மெஷினுக்கு மின்சாரம் வேண்டும், வாடகை வேண்டும். கோட்டுக்கு ஒரு காகிதமும் கொஞ்சம் பசையும் போதும்.

அந்தப் பசைதான் புது வில்லங்கம். கட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் கணக்கு பார்க்கும். கோடு யாருடையது என்று அதற்கு அக்கறை இல்லை. மனிதக் கண்ணுக்கோ எல்லாக் கோடும் ஒன்றுபோலத்தான். கடைக்காரர் தூங்கும் நேரத்தில் அவர் கோட்டின் மேல் தன் கோட்டை ஒட்டிவிட்டுப்போகும் ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் மாஸ்டர் காலையில் பாய்லர் பற்றவைத்ததும் முதல் வேலையாகத் தூணுக்குப் போகிறார். சுருண்ட ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பிப் பார்க்கிறார். தன்னுடைய பழைய டிகாஷன் கறை அதே இடத்தில் இருந்தால், முதல் கிளாஸைக் கழுவ எடுக்கிறார்.