சீசன் முடிந்தும் திறந்திருக்கும் கடை

மஸ்கெலியாவில் பஸ் ஏறி, பாதை முடியும் இடத்தில் இறங்கினால் அதுதான் நல்லதண்ணி. அங்கிருந்து படிகள் ஆரம்பம். ஹட்டன் வழியாக 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் ஏறுகிறார்கள். நம்மவர்களுக்கு அது பாவா ஆதம் மலை. 1344இல் அங்கு வந்த இப்னு பதூதா, மலைக்குப் பாவா வழி, மாமா வழி என இரண்டு பாதைகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். அத்தனை பழைய யாத்திரை இது.

எங்கள் கடை மூத்தாப்பா காலத்தில் பழைய மஸ்கெலியா டவுனில் இருந்தது. 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வந்ததும் அந்த டவுன் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்கள் இன்றும் வெளியே தெரியும். பலர் புதிய டவுனுக்குப் போக, வாப்பா நல்லதண்ணிக்கு வந்தார்.

இங்கு சீசன் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை. அந்த ஐந்து மாதமும் கம்பளித் தொப்பி, டோர்ச், பிஸ்கட் எல்லாம் கைக்காசுக்கு ஓடும். மற்ற ஏழு மாதமும் மழையும் பனிமூட்டமும்தான். அப்போது வருகிறவர்கள் லயத்துச் சனங்கள். மா, சீனி, பருப்பு எல்லாம் கொப்பியில் எழுதி, 10ஆம் திகதி சம்பளத்தில் தீர்ப்பார்கள்.

வாப்பா மேசையில் இரண்டு லாச்சி வைத்திருந்தார். சீசன் இலாபம் ஒன்றில், கொப்பிக் காசு மற்றதில். சீசன் லாச்சியிலிருந்து வீட்டுக்குச் செலவழிக்கமாட்டார். மழை மாதங்களுக்கான சரக்கை அந்தக் காசில் ரொக்கமாக எடுப்பார். கடனுக்கு விற்கிறவன் கடனுக்கு வாங்கக்கூடாது என்பது அவர் கணக்கு. இளவயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் பாதை வெறிச்சோடியது. நம்மவர் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் பேச்சு நாடெங்கும் பரவியது. நான் கடையை மூட யோசித்தேன். மே சம்பளத்தன்று கொப்பிக்காரர்கள் வழமைபோல் வந்தார்கள். ஓர் அக்கா காசை எண்ணி வைத்துவிட்டு, "மொதலாளி, கடைய மூடிறாதீங்க. மூடுனா மாவு வாங்க மஸ்கெலியாவுக்குத்தான் போகணும்" என்றார். கடை திறந்தே இருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சீசன் பாதியில் நின்றது. ஆனால் தோட்டத்தில் வேலை நடந்தது. சீசன் லாச்சியில் எடுத்து வைத்திருந்த சரக்குத்தான் லயங்களுக்குப் போனது. 2022இல் விலை ஏறிய வேகத்தில், விற்ற காசுக்கு அதே சரக்கைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கொப்பியில் எழுதிய விலைக்கு மேல் ஒரு சதமும் வாங்கவில்லை. கடனுக்கு மா, பருப்பு, சீனி மட்டும் என்று எல்லை வைத்தேன். நட்டம் வந்தது, சீசன் லாச்சி தாங்கியது.

இப்போது மகன், கடையை எடுத்துவிட்டு உல்லாசப் பயணிகளுக்கு அறை கட்டலாம் என்கிறான். அவன் கணக்கும் பிழையில்லை. மேல்மாடியில் கட்டு, கீழே கடை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வியாபாரச் சகோதரர்களே, பெருநாளோ, அறுவடையோ, திருவிழாவோ, உங்கள் ஊருக்கும் ஒரு சீசன் இருக்கும். அந்த இலாபத்தைத் தனி லாச்சியில் போடுங்கள். பாதையால் போகிறவர் இலாபம் தருவார். பாதை வெறிச்சோடும் நாளில் கடையைத் தாங்குகிறவர் கொப்பிக்காரர்தான்.