உதைக்கத் தெரிந்தால்தான் ‘புல்லட்’!

பழைய ‘புல்லட்’ மோட்டார் சைக்கிளை வாங்குவது எளிது. அதைக் கிளப்புவதுதான் கடினம்! அரைகுறையாக உதைத்தால், அது திருப்பி உதைக்கும். கணுக்காலையே பதம் பார்த்துவிடும்.

பிறந்த ஊர்

இந்த வண்டி பிறந்த ஊர், இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச். 1955-ம் ஆண்டில் சென்னையில் ‘என்பீல்டு இந்தியா’ கம்பெனி தோன்றியது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால், சென்னையில் புல்லட் தொடர்ந்து தயாராயிற்று. 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று!

ஏன் உதைக்கிறது?

பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்பே தீப்பொறி விழுகிறது. உதையில் வேகம் இல்லாவிட்டால் பிஸ்டன் பின்னோக்கித் திரும்பும். அந்த அடி காலில் இறங்கும்.

இதற்கு வழி உண்டு. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். அது இறுகும் இடத்தில் அம்மீட்டர் முள் நடுவில் நிற்கும். உடனே ‘டீகம்ப்ரஸர்’ பிடியை இழுத்து, கிக்கரை இம்மியளவு நகர்த்த வேண்டும். பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஓங்கி ஒரே உதை!

வலது காலில் கியர்

பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்களில் பலர் முதலில் பெயிண்டு அடிக்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது பிரேக்கும் வயரும்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இதில் கியர் வலது காலில். பிரேக் இடது காலில். புது வண்டியில் பழகியவர், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார்! முதலில் ஆளில்லாத மைதானத்தில், பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பதே நல்லது.

உதிரி சாமான் காசுக்குக் கிடைக்கும். இந்தக் கால் பழக்கம், ஒருவர் சொல்லிக் கொடுத்துத்தான் வரும்.